அனோராக்: பிளாட்பார முனையில் போட்டுப் பார்த்த ஜெர்கின்

தலை வழியாக மாட்டிக்கொள்ளும் மழை ஜெர்கின் இது. முன்பக்கம் முழு ஜிப் கிடையாது, கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும்தான். வயிற்றுக்கு நேரே ஒரு பெரிய பை, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் கை நுழைத்துச் சூடேற்றிக்கொள்ள இடம். குல்லா உண்டு, அதை இழுத்துக் கட்ட நாடா உண்டு. விலை 95 பவுண்டு. இங்கிலாந்தில் பெரிய ஊர்களிலெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு துணிக்கடையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். துணியில் தொங்கிய அட்டையில் ‘ஹெரிடேஜ் அனோராக்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தத் தங்க எழுத்துக்காகத்தான் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த நாட்டில் ஓர் ஆளைப் பார்த்து ‘அனோராக்’ என்றால் அது உடையின் பெயர் இல்லை, கிண்டல். யாருக்கும் தேவைப்படாத ஒரு விஷயத்தைத் துருவித் துருவித் தெரிந்துவைத்துக்கொண்டு, கேட்காதவர்களிடமும் அதை அவிழ்த்துவிடுகிற ஆள் என்று பொருள். நான் வேலை பார்க்கும் மருந்தகத்தில் எனக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. யார்க் ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தின் கடைசி முனையில், கூரை முடிந்து மழை தொடங்குகிற இடத்தில், நோட்டும் பேனாவுமாக இன்ஜின் எண்களைக் குறித்துக்கொண்டு சிலர் நிற்பார்கள். அவர்களில் புடவைக்கு மேல் ஜெர்கின் போட்ட ஒருத்தியைப் பார்த்திருந்தால் அது நான்தான். வீட்டில் இவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் தேவைப்படுவதில்லை, ‘கிறுக்கு’ என்று முடித்துவிடுவார். “ஏம்மா, மழையில நின்னு நம்பர் எழுதுறதுக்கு 95 பவுண்டா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்த மதிப்பீடு.

மழை தாங்குமா? தாங்குகிறது. உள்பக்க அட்டையில் 5000 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அதாவது சோதனையில் துணிக்கு மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் உள்ளே கசியாது. யார்க் தூறலுக்கு அது தாராளம். தையல்களுக்கு உள்ளே பட்டை ஒட்டியிருக்கிறார்கள், தோள்பட்டையில் நனையவில்லை. மணிக்கட்டில் மட்டும் ரப்பர் தளர்வு. கையைத் தூக்கிப் படம் எடுத்தால் தண்ணீர் முழங்கை வரை இறங்கிவிடும்.

நிறம் மூன்று: ஆரஞ்சு, கடுகு மஞ்சள், கருநீலம். கடைப் பையன் ஆரஞ்சைத்தான் எடுத்து நீட்டினான், எனக்கு எடுப்பாக இருக்கும் என்றான். இருக்கலாம். ஆனால் ரயில் பார்க்க வருகிறவர்களுக்கென்று நெட்வொர்க் ரெயில் நிறுவனம் வழிகாட்டுதல்கள் வைத்திருக்கிறது. வந்ததும் நிலைய ஊழியரிடம் சொல்ல வேண்டும், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது, அப்புறம் தண்டவாளப் பணியாளர்களின் பாதுகாப்பு உடையைப் போன்ற நிறத்தில் உடுத்தக்கூடாது. ஓட்டுநர் தூரத்திலிருந்து பார்த்து, வேலையாட்கள் நிற்கிறார்கள் என்று குழம்பிவிடுவார். அனோராக் என்று பெயர் வைத்து, அனோராக்குகள் போடவே கூடாத நிறத்தில் ஒன்றைத் தைத்து, அதையே ஜன்னல் பொம்மைக்கும் மாட்டியிருக்கிறார்கள். கருநீலம் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த வயிற்றுப் பை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் கூட்டத்துக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

1942-இல் லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், அந்த நிறுவனத்தின் இன்ஜின் எண்களையெல்லாம் ஒரு சின்னக் கையேடாகப் போட்டார். கடிதம் எழுதி விவரம் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப் போய்ச் செய்த வேலை. அதிலிருந்துதான் ஒரு தலைமுறைப் பையன்களுக்கு வியாதி தொற்றியது. பார்த்த இன்ஜினின் எண்ணுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். முதன்முறையாகப் பார்க்கிற இன்ஜினுக்கு ‘காப்’ என்று பெயர். இன்றைக்கும் பிளாட்பாரத்தில் “எத்தனை காப்?” என்றுதான் விசாரிப்போம். சிலர் செல்போனில் குறிக்கிறார்கள். நான் நோட்டுதான்.

ஒரு சரக்கு ரயில் வருகிறது. முன்னால் 66 வகை இன்ஜின். 1998-இலிருந்து கனடாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வகை. கூரை சரிந்து தோட்டக் கொட்டகை மாதிரி இருப்பதால் நாங்கள் ‘ஷெட்’ என்போம். 66 என்பது தெரிந்ததுதான், அதற்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கம்தான் வேண்டும். பையைத் திறக்க வேண்டும். பையின் மூடியில் வெல்க்ரோ, அதுவும் ஓரத்திலிருந்து ஓரம் வரை. நனைந்தால் இரண்டு கையாலும் பிரித்தால்தான் வருகிறது, என் ஒரு கையிலோ ஃபிளாஸ்க். ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கி, மூடியைக் கிழித்து, நோட்டை உருவினேன். பை அகலமாக இருக்கிறதே ஒழிய ஆழமில்லை. குனிந்ததும் பேனா நழுவி மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பேனா எடுக்கிற வயதும் இல்லை, புத்தியும் அப்படி இல்லை. இன்ஜின் போய்விட்டது, பின்னால் கன்டெய்னர்கள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற பெரியவர் எண்ணைக் கேட்காமலேயே சொன்னார். ஆனால் அடுத்தவர் சொல்லி எழுதினால் அது காப் ஆகாது. தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இந்த விதியை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை, மீறினவரையும் நான் பார்த்ததில்லை.

ஆக, அனோராக்குக்கு அடையாளமே நோட்டு. அந்த நோட்டை எடுக்க முடியாத பையை வைத்து இவர்கள் அனோராக் தைத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டப் பெயருக்கு ரயில்காரர்கள் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. உடை கிரீன்லாந்து மக்களுடையது, பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்தது. இது இல்லாமல் வெளியே போனால் விறைத்துச் செத்துப்போவோம் என்கிற இடத்தில் உருவான உடை. கிண்டலாக மாறியது கடலில். 1964-இல் ரேடியோ கரோலைன் கரைக்கு அப்பால் கப்பலிலிருந்து பாட்டு ஒலிபரப்பத் தொடங்கியது. அப்புறம் இப்படி இன்னும் சில கப்பல் வானொலிகள். 1970-களின் தொடக்கத்தில் ரசிகர்கள் படகு அமர்த்திக்கொண்டு அந்தக் கப்பல்களைப் பார்க்கப் போவார்கள். கடல் காற்றுக்காக எல்லோரும் இந்த ஜெர்கின்தான் போட்டிருப்பார்கள். கப்பலிலிருந்த அறிவிப்பாளர் ஆண்டி ஆர்ச்சர் அவர்களை ‘அனோராக்குகள்’ என்று கூப்பிட்டதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். அதில் வெறுப்பு இருந்திருக்காது என்று நினைக்கிறேன், தன்னைப் பார்க்க அலையில் ஆடிக்கொண்டு வருகிறவர்களை யார் வெறுப்பார்கள்? 1984-இல் அப்சர்வர் பத்திரிகை ரயில் பார்க்கிறவர்களுக்கு அதே பெயரைச் சூட்டியபோதுதான் அது கரையேறி வசவானது.

குல்லாவுக்கு வருகிறேன். வெயிலிலும் மழையிலும் கண்ணை மறைக்காத அளவுக்கு முன்விளிம்பில் மெல்லிய கம்பி வைத்திருக்கிறார்கள், அது அருமை. ஆனால் தலையைத் திருப்பினால் குல்லா கூடத் திரும்புவதில்லை. வலப்பக்கம் பார்த்தால் துணியின் உள்பக்கம்தான் தெரிகிறது. பிளாட்பார முனையில் ரயில் இரண்டு திசையிலிருந்தும் வரும் என்பதை வடிவமைத்தவர் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை சத்தம். துணி புதுசாக இருக்கும்போது சரசரவென்கிறது. மற்றவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. ஆனால் எங்களில் பாதிப்பேர் காதால் வாழ்கிறவர்கள். டீசல் இன்ஜின்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்களைப் பாருங்கள்: 37 வகை ‘டிராக்டர்’, 40 வகை ‘விஸ்லர்’, 20 வகை ஹெலிகாப்டர் மாதிரி அடிப்பதால் ‘சாப்பர்’, 50 வகை வேக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சுவதால் ‘ஹூவர்’. எல்லாம் காதில் விழுந்த பெயர். பழைய டீசல் ஒன்று நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற ஒலியைப் பதிவு செய்ய மைக்கை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர், நான் கையை அசைத்ததும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அது பதிவாகிவிடும் அல்லவா.

ஜப்பானில் இந்த ஒலிக்காரர்களுக்கென்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கே ரயில் பித்து எல்லாவற்றுக்கும் ‘டெட்சு’ என்று ஒரு வால். ஒலிப்பதிவு செய்கிறவர் ‘ஓட்டோ-டெட்சு’, படம் பிடிக்கிறவர் ‘டோரி-டெட்சு’, ஏறிப் பயணம் செய்கிறவர் ‘நோரி-டெட்சு’. எனக்குப் பிடித்தது ‘சோஷிகி-டெட்சு’. ஒரு ரயில் நிறுத்தப்படப்போகிறது என்று தெரிந்ததும் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் வந்து கூடுகிறவர்கள், இழவு வீட்டு ரசிகர்கள். இப்படிப்பட்டவர்கள் இங்கும் உண்டு. 1982 ஜனவரி 2 அன்று டெல்டிக் என்கிற டீசல் இன்ஜின்கள் கடைசியாக லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போய்த் திரும்பியபோது வழிநெடுகக் கூட்டம். என் பக்கத்துப் பெரியவர் யார்க்கில் நின்று பார்த்திருக்கிறார். இப்போது சொன்னாலும் குரல் இறங்குகிறது. இழவு வீட்டு ரசிகர் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப் பிரித்துப் பெயர் வைப்பது உள்ளே இருப்பவர்கள் வேலை. வெளியே இருப்பவர்களுக்கு எல்லோரும் ஒன்றுதான், எல்லோரும் அனோராக். ரயில்வே ஊழியர்கள் இரண்டுக்கும் நடுவில். அமெரிக்காவில் அவர்கள் ரயில் ரசிகரை ‘ஃபோமர்’ என்கிறார்கள், இன்ஜினைக் கண்டால் வாயில் நுரை தள்ளுகிறவன். ஜெர்மனியில் ‘புஃபர்கூஸர்’, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் மோதலைத் தாங்குகிற பஃபரை முத்தமிடுகிறவன். ஆஸ்திரேலியாவில் ‘கன்ஸல்’. தினமும் டியூட்டி பார்க்கிற ஓட்டுநருக்குப் பிளாட்பாரத்தில் ஒருத்தர் கேமராவோடு கையாட்டினால் எரிச்சல் வராமல் இருக்குமா? இந்தப் பெயர்களை நான் மன்னித்துவிடுவேன்.

உண்மையில் எங்கள் ஆட்கள் எங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர்கள்தான் இன்னும் கூர்மை. டீசல் இன்ஜின் இழுக்கிற ரயிலில் ஏறி, ஒவ்வோர் இன்ஜினுக்கும் எத்தனை மைல் என்று கணக்கு வைக்கிறவர் ‘பேஷர்’. அவர்கள் தங்களையே ‘கிராங்க்’ என்று சொல்லிக்கொள்வார்கள். சாதாரணமாக வேலைக்குப் போகிற பயணிகள் அவர்கள் வாயில் ‘நார்மல்’, அதுவும் ஒரு பரிதாபத்தோடு. நீராவி இன்ஜின் ‘கெட்டில்’, டீ போடுகிற பாத்திரம் என்கிற அளவுக்கு இளக்காரம். பேஷர்களுக்கு இந்த ஜெர்கின் சுத்தமாக ஆகாது. பெட்டிக்குள் ஹீட்டர் எரியும், கழற்ற வேண்டுமென்றால் தலைக்கு மேல் இழுக்க வேண்டும், முழங்கை பக்கத்து இருக்கைக்காரர் மூக்கில் படும். முழு ஜிப் வைத்தால் அது அனோராக் இல்லை என்று மரபுவாதிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பறவை பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, எங்கள் தெருவில் இருக்கும் ஒருவருக்கு ஒரு வாரக் கடைசிக்குக் கொடுத்துப் பார்த்தேன். அவர் ‘ட்விட்சர்’. நாட்டின் மறுகோடியில் ஓர் அபூர்வப் பறவை வந்திறங்கியது என்று செய்தி வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்புகிற ரகம். 1950-களின் கடைசியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பறவை பார்க்கப் போன ஒருவர், இறங்கும்போது குளிரில் உதறுவதைப் பார்த்து நண்பர்கள் வைத்த பெயர் என்பார்கள். பார்த்தீர்களா, இதுவும் நல்ல ஜெர்கின் இல்லாத கதைதான். அவர்களுடைய அகராதியில் போய்ப் பார்த்தும் பறவை கிடைக்காவிட்டால் ‘டிப்’. தான் பார்க்காததைக் கூட்டாளி பார்த்துவிட்டு வந்து கடுப்பேற்றினால் ‘கிரிப்’. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறவன் ‘ஸ்ட்ரிங்கர்’. அதுதான் அவர்களிடையே மிக மோசமான வசவு, ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது. விலை உயர்ந்த தொலைநோக்கியும் புத்தம்புது உடையுமாக வந்து, குருவிக்கும் வானம்பாடிக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்கிறவன் ‘டியூட்’. ஜெர்கினைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: “இதைப் போட்டால் பறவைக்கு முன்னால் மனிதர்கள் என்னை டியூட் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பறவைக்குச் சத்தமே போதும்.”

எனக்கும் பிளாட்பாரத்தில் அந்தச் சங்கடம் இருந்தது. பளபளப்பு அடங்குகிற வரைக்கும் என்னைத் தெரியாதவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். காரணம் இருக்கிறது. 2022-இல் ஃபிரான்சிஸ் பூர்ஷ்வா என்கிற இளைஞர், இன்ஜினைக் கண்டு துள்ளிக் குதிக்கும் காணொளிகளால் புகழ்பெற்றவர், கூச்சி நிறுவனமும் நார்த் ஃபேஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய விளம்பரத்தில் ரயில் நிலையத்துப் பின்னணியில் தோன்றினார். அதற்குப் பிறகு இந்த உடைக்கு ஒரு மவுசு. உடைக்குத்தான். சட்டையை எடுத்துக்கொண்டார்கள், நோட்டை எங்களிடமே விட்டுவிட்டார்கள். இதே நாட்டில் கால்பந்துக் குழுக்களின் 92 லீக் மைதானங்களையும் போய்ப் பார்த்து முடிப்பேன் என்று வருடக்கணக்கில் அலைகிறவருக்கு ‘ரசிகர்’ என்று மரியாதை. 92 இன்ஜினைப் பார்த்தவளுக்கு இல்லை.

‘கீக்’ என்ற பெயருக்கு வந்த வாழ்வைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்கத் திருவிழாக் கொட்டகையில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துத் துப்புகிறவனுக்கு அந்தப் பெயர். ‘நேர்டு’ 1951-இலேயே டெட்ராய்ட் பையன்களின் பேச்சில் மந்தமான ஆளைக் குறித்தது. கம்ப்யூட்டரில் பணம் கொட்டத் தொடங்கியதும் இரண்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டன. என் மகளே தன்னை கீக் என்று சொல்லிக்கொள்கிறாள். “அம்மா, நீங்க கீக் இல்ல, அனோராக். ரெண்டும் வேற” என்று எனக்கு வகுப்பும் எடுத்தாள். இன்ஜின் எண்ணைக் குறித்து யாரும் கோடீஸ்வரர் ஆகாத வரைக்கும் எங்களுக்குப் பதவி உயர்வு கிடையாது.

கோடீஸ்வரர் ஆகாவிட்டாலும் ஜெயிலுக்குப் போகலாம். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டுக் கலமாட்டாவில் விமானம் பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 நெதர்லாந்துக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து வைத்தார்கள். ராணுவத் தளத்தில் விமான எண்களை நோட்டில் எழுதினார்களாம். எதற்கென்று கேட்டபோது “சும்மா, பிடிக்கும்” என்கிற பதில் எந்தப் போலீஸ்காரருக்குத்தான் புரியும்? அடுத்த ஏப்ரலில் தண்டனை விதித்து, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். இந்தக் கதையை வீட்டில் இவரிடம் சொன்னபோது, “நல்லவேளை, உன் பையில இருந்து நோட்டு சீக்கிரம் வெளிய வராது” என்றார்.

95 பவுண்டுக்கு வருகிறேன். மழைக்கு நான்கு நட்சத்திரம், குல்லாவுக்கு இரண்டு, பைக்கு ஒன்றுகூடத் தாராளம். மொத்தத்தில் மூன்று கொடுக்கிறேன், கருநீலத்துக்காக. ஊரைச் சுற்ற, நாயை நடத்த, கடைக்குப் போக என்றால் தயங்காமல் வாங்கலாம். பிளாட்பார முனைக்கு என்றால் வேறு பாருங்கள்: முழு ஜிப், நெஞ்சில் நேராக நோட்டு இறங்குகிற பை, தலையோடு திரும்புகிற குல்லா. மலையேறுகிறவர்களுக்கான கடைகளில் இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது, பெயர்தான் அனோராக் என்று இருக்காது.

வாங்குவதென்றால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே ஸ்வெட்டர் போட்டால் கக்கத்தில் பிடிக்கிறது. துவைக்கும்போது துணி மென்மையாக்குகிற திரவத்தை ஊற்றாதீர்கள், மழைத்துளி வழுக்கி ஓடுகிற பூச்சு கெட்டுவிடும். இளஞ்சூட்டில் உலர்த்தினால் அந்தப் பூச்சு கொஞ்சம் மீளும். நான்கைந்து முறை துவைத்ததில் சரசரப்பும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. வெல்க்ரோவை மட்டும் நான் பிரித்து எடுத்துவிட்டு இரண்டு பெரிய பித்தான் தைத்துவிட்டேன், பேனாவை நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.